கடல் கடந்து வந்த பணியாளர்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் நின்று பேசும் தகுதி எமக்கு உண்டென்று யாம் ஒருநாளும் எண்ணியதில்லை. எம் கல்வி பள்ளி இறுதி வகுப்போடு நின்றுவிட்டது. அதன்பின் யாம் படித்தவையெல்லாம் பார்சல் அலுவலகத்து ரசீதுகளும், எடைப் பதிவேடுகளும், "அனுப்பிய பொருள் வந்து சேரவில்லை" என்று பொதுமக்கள் எழுதும் முறையீடுகளுமேயாகும். இன்று பேசவேண்டிய புலவர் பெருந்தகை உடல்நலம் குன்றி வர இயலாமையால், செயலாளர் அவர்கள் முந்தாநாள் எம் இல்லத்திற்கு வந்து, "தொலைநாடு சென்று சமயப் பணி புரிவோர் காணும் ஏற்றமும் இறக்கமும்" என்னும் தலைப்பைக் கையில் தந்துவிட்டுச் சென்றார். மறுத்துரைக்க எமக்கு நா எழவில்லை.

தலைப்பைப் பார்த்ததும் எம் நினைவு ஓடியது எம் சொந்தச் சீமைக்கே. மயிலாடுதுறைக்குக் கிழக்கே, கடல் ஓரத்தில் தரங்கம்பாடி என்றோர் ஊர் உண்டு. முன்னாளில் மயிலாடுதுறையிலிருந்து அவ்வூருக்கு ஒரு மீட்டர்கேஜ் பாதை இருந்தது. எம் தந்தையார் அதில் சென்றதாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். யாம் சிறுவனாயிருந்தபோது பேருந்தில்தான் சென்றோம். அங்கே டேனிஷ்காரர் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. 1620-ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு அவர்கள் வாணிபத்திற்காக வந்து குடியேறிய இடம் அது. 1845-இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போயினர். அவ்வூரின் புதிய எருசலேம் ஆலயத்தினுள்ளே ஒரு வெளிநாட்டவரின் கல்லறை இருக்கிறது. அவர்தாம் பர்த்தலோமேயு சீகன்பால்கு. அவருடைய வாழ்வே இன்று எம் பேச்சின் பொருள்.

நம் கூட்டத்தில் பல சமயத்தவரும் இருக்கிறோம். எந்தச் சமயத்தையும் உயர்த்தவோ தாழ்த்தவோ யாம் வரவில்லை. பிறந்த மண்ணை விட்டு, அயலார் நடுவில், அயல்மொழியில் ஒரு பணியை ஏற்ற மனிதன் என்ன பட்டான் என்பதைப் பார்ப்போம். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு அக்கதை சற்று நெருக்கமாகவே இருக்கும்.

சீகன்பால்கு 1682-இல் ஜெர்மனியில், சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்சு என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். உடல்நலமும் அவருக்கு வாய்க்கவில்லை. ஹாலே நகரில் பிராங்கே என்னும் பெரியாரிடம் பயின்றபோதுங்கூட நோயால் படிப்பு இடையிடையே தடைப்பட்டது. அக்காலத்தில் டென்மார்க்கின் மன்னர் நான்காம் பிரெடெரிக், தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளரை அனுப்ப விரும்பினார். தம் நாட்டில் ஆள் கிடைக்காமையால் ஜெர்மானிய மாணவர் இருவரைத் தேடிப் பிடித்தனர். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் ஐன்ரிக் புளுட்சோ. 1705 நவம்பரின் இறுதியில் கோபன்கேகனில் கப்பலேறியவர்கள், 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். ஏழு மாதங்களுக்கு மேற்பட்ட கடற்பயணம்!

மன்னர் அனுப்பிய ஆட்களாயிற்றே, மாலையும் மேளமும் காத்திருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. கோட்டையின் ஆளுநர் ஹாசியுஸ் என்பார் அவர்களை முகங்கொடுத்து வரவேற்கவில்லை. வாணிபம் செய்ய வந்த கம்பெனிக்குச் சமயப் பணியாளர் ஒரு தொல்லையாகவே தோன்றினர். நெடுநேரம் காக்கவைத்துப் பேசிய பின், தங்க இடம் காட்டாமல் தெருவில் விட்டுச் சென்றுவிட்டனர். அரசரின் முத்திரையிட்ட ஆணை பையில் இருக்க, நிற்க நிழலில்லாமல் இரண்டு இளைஞர் சந்தைத் தெருவில் நின்றனர். மாற்றல் உத்தரவோடு புதிய ஊரில் இறங்கி, குடியிருப்பு ஒதுக்கப்படாமல் பெட்டி படுக்கையோடு நடைமேடையில் அமர்ந்திருந்த அனுபவம் இங்குள்ளோர் பலர்க்கு உண்டு. அவர்களுக்கோ திரும்பிப் போக ரயிலும் இல்லை.

அடுத்த தடை மொழி. அவ்வூரில் ஐரோப்பியரோடு பேச ஒருவகைப் போர்ச்சுகீசிய மொழி பழக்கத்தில் இருந்தது. அதைக் கற்றால் போதும், காலந் தள்ளிவிடலாம். புளுட்சோ பெரும்பாலும் அம்மொழி பேசுவோரிடையே பணி செய்தார். சீகன்பால்கு தமிழை விடுவதில்லை என்று உறுதி கொண்டார். ஆனால் கற்பது எப்படி? இலக்கண நூலும் அகராதியும் அவர் கைக்கு எட்டவில்லை. ஊரில் முதியவராகிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவரை வேண்டி, அவருடைய பள்ளியையே தம் வீட்டிற்கு வரவழைத்துக்கொண்டார். குழந்தைகள் மணலைப் பரப்பி விரலால் அ, ஆ எழுதுவார்கள். அவர்களோடு வரிசையில் தாமும் தரையில் அமர்ந்து, அந்த வெள்ளைக்காரர் மணலில் விரல் பதித்தார். மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தைகளின் நடுவே இருபத்து நான்கு வயது மாணாக்கர்!

எழுத்துகள் கைவந்தன, பொருள் விளங்கவில்லை. ஆசிரியருக்கு அயல்மொழி தெரியாது. பிறகு, ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்த அழகப்பன் என்னும் தமிழர் துணைக்கு வந்தார். காலையில் முதல்நாள் கற்ற சொற்களைத் திருப்பிப் பார்ப்பது, அதன்பின் நண்பகல் வரை ஏடுகளைப் படிப்பது, புரியாத சொல்லையும் புதிய சொற்றொடரையும் குறித்துக்கொள்வது, மாலையிலும் இரவிலும் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்பது என்று நாளை வகுத்துக்கொண்டார். ஒரே நூலைப் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தார். எட்டு மாதங்களில் தமிழ் படிக்கவும், எழுதவும், பேசவும் வல்லவரானார் என்பது வரலாறு. 1708-க்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் ஏடுகளைத் தேடித் தொகுத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பெழுதி ஒரு பட்டியலே ஆக்கிவிட்டார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நம் குழந்தைகள் மேடையில் ஒப்பிக்கும் அந்த அறநூல்கள், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவ்வாறு வேற்றுமொழி கண்டன.

இனி ஏற்றமும் இறக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைக் காணுங்கள். 1707-இல் சிறிய ஆலயம் ஒன்று கட்டி முடித்தார். பள்ளிகள் தொடங்கினார், பெண்குழந்தைகளுக்கும் எழுத்தறிவித்தார். அது ஏற்றம். மறு ஆண்டு ஐரோப்பாவிலிருந்து அவர்களுக்கென்று அனுப்பப்பட்ட பணம், தரங்கம்பாடிக் கடலில் கரை சேரும் முன்பே படகு கவிழ்ந்து நீரில் போயிற்று. அது இறக்கம். கடன் வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறிட வேண்டியதாயிற்று.

அதே 1708-ஆம் ஆண்டில், கணவனை இழந்த ஏழைத் தமிழ்ப்பெண் ஒருத்தியின் கடன் வழக்கு எழுந்தது. எதிரி கம்பெனியில் செல்வாக்குள்ளவர். சீகன்பால்கு அப்பெண்ணுக்காகப் பரிந்து பேசினார். ஆளுநருக்கு முன்னரே இருந்த வெறுப்புக்கு இது நெய் வார்த்தது போலாயிற்று. சிப்பாய்களை அனுப்பி அவரைப் பிடித்துவந்து கோட்டையில் அடைத்தார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் சிறை. தொடக்கத்தில் எழுதுகோலும் மையும் மறுக்கப்பட்டன. பின்னர்க் கிடைத்ததும் அச்சிறையிலேயே நூல் எழுதினார். தம்மை அடைத்தவர்கள் வேற்று மதத்தார் அல்லர். தம் சொந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்களே என்பதுதான் அவருக்கு மிகுந்த துயரமாயிருந்திருக்கும். புறத்தார் தரும் துன்பத்தைப் பொறுக்கலாம். அகத்தார் தரும் துன்பம் ஆறுவதற்கு நாளாகும்.

அச்சுப்பொறியின் கதை எம் போன்ற பார்சல் குமாஸ்தாவுக்குத் தனிச்சுவை உடையது. தமிழ் அச்சு அதற்கு முன்னரே உண்டு. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறுநூல் தமிழெழுத்தில் அச்சேறியிருந்தது. ஆனால் அம்முயற்சி தொடர்ந்து நிலைபெறவில்லை. சீகன்பால்கு ஓர் அச்சுக்கூடம் வேண்டுமென்று எழுதிக்கொண்டே இருந்தார். இலண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கத்தார் இரக்கங்கொண்டு 1711-இல் ஓர் அச்சுப்பொறியையும், காகிதத்தையும், அச்சர் ஒருவரையும் கப்பலில் அனுப்பினர். வழியில் பிரேசில் நாட்டருகே பிரெஞ்சுக்காரர் அக்கப்பலைக் கைப்பற்றிக்கொண்டனர். அச்சுப்பொறி மட்டும் அடித்தட்டில் எவர் கண்ணிலும் படாமல் கிடந்து தப்பியது. கப்பல் மீட்கப்பட்டுப் புறப்பட்டபோது அச்சர் நோயுற்று வழியிலேயே உயிர் நீத்தார். 1712-இல் பொறி வந்து சேர்ந்தது. அதை இயக்க வேண்டியவர் வந்து சேரவில்லை! எங்கள் அலுவலகத்தில் பெட்டி வந்து சாவி வராத நாள்கள் உண்டு. அதற்கே யாம் படும் பாடு பெரும்பாடு.

தேடிப் பார்த்ததில் தரங்கம்பாடிப் படையிலேயே அச்சுத்தொழில் அறிந்த சிப்பாய் ஒருவர் அகப்பட்டார். அடுத்துத் தமிழ் எழுத்துகள் வேண்டும். தரங்கம்பாடியிலிருந்து எழுதி அனுப்பிய வடிவங்களைப் பார்த்து ஹாலே நகரில் எழுத்துகளை வார்த்து அனுப்பினர். பாவம், தமிழே அறியாதவர் வார்த்த எழுத்துகள்! அவை மிகப் பெரியனவாயிருந்தன. அவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிட்டால் இருக்கும் காகிதம் எந்த மூலைக்குக் காணும்? ஆகவே, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக் கட்டிகளின்மேல் சுற்றியிருந்த ஈய உறைகளை உருக்கி எழுத்தாக்கினர் என்று கூறுவர். காகிதத்திற்காகப் பக்கத்துப் பொறையாற்றில் ஆலை ஒன்றும் நிறுவினர். 1708 அக்டோபரில் தொடங்கி 1711 மார்ச்சில் முடித்திருந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு, 1714-இலும் 1715-இலுமாக இரண்டு பகுதிகளாய் அச்சேறியது. இந்திய மொழி ஒன்றில் அந்நூல் முழுவதும் அச்சானது அதுவே முதன்முறை.

இதற்குள் புளுட்சோ 1711-இல் தாயகம் திரும்பிவிட்டார். 1709-இல் வந்து சேர்ந்த கிரண்ட்லர் என்னும் நண்பரே சீகன்பால்குவின் வலக்கையானார். 1714-இல் சீகன்பால்கு மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரை உடனழைத்துக்கொண்டு ஐரோப்பா சென்றார். கப்பலிலும் தமிழ்ப் பேச்சும் எழுத்தும் நின்றுபோகாமல் இருக்கவே அத்துணை. டென்மார்க் மன்னரைக் கண்டார். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜார்ஜையும் கண்டார். 1716-இல் அவர் இலத்தீன் மொழியில் இயற்றிய தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சாயிற்று. மரியா டொரோத்தேயா என்னும் நங்கையை மணந்து, அவ்வாண்டே தமிழகம் திரும்பினார். சிறைக் கைதியாயிருந்தவர் அரசர்கள் அவையில் நின்றார். 1718-இல் புதிய எருசலேம் ஆலயமும் கட்டி முடிந்தது. இதுவே அவர் வாழ்வின் உச்சி.

உச்சிக்குப் பின் சரிவு விரைந்து வந்தது. கோபன்கேகனில் சமயப் பணிக்கென அமைந்த குழுவின் செயலாளராயிருந்த வெண்ட் என்பார், பணியாளர் என்போர் பையும் பணமுமின்றி ஊர் ஊராய் நடந்து போதிக்க வேண்டியவர்கள். அவர்களுக்குக் கட்டடம் எதற்கு, பள்ளி எதற்கு, அச்சுக்கூடம் எதற்கு என்னும் கொள்கையினர். தரங்கம்பாடியின் வெயிலையும் மழையையும் கண்ணாலும் காணாதவர் அவர். உதவிப் பணம் சுருங்கிற்று. கடுமொழி நிரம்பிய கடிதங்கள் வந்தன. பன்னிரண்டு ஆண்டு உழைப்பை ஒரே தாளில் குற்றமென்று எழுதினால் எந்த நெஞ்சு தாங்கும்? முன்னரே நலிந்திருந்த உடல் மேலும் தளர்ந்தது. 1719 பிப்ரவரி 23-ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில், சீகன்பால்கு உயிர் நீத்தார். நண்பர் கிரண்ட்லர் அடுத்த ஆண்டு மார்ச்சில் அவரைப் பின்தொடர்ந்தார்.

இன்னும் ஒன்று உண்டு. அவர் தமிழ்மக்களின் தெய்வங்களைப் பற்றியும் வழிபாட்டைப் பற்றியும் மக்களிடமே கேட்டறிந்து 1713-இல் ஒரு பெருநூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்குள்ளோர் அதை அச்சிட மறுத்துவிட்டனர். அச்சமயங்களை மாற்றவே உம்மை அனுப்பினோம், அவற்றை இங்கே பரப்புவதற்கு அன்று என்பது அவர்கள் கருத்து. அந்நூல் 1867-இல் சென்னையில்தான் முதன்முதலில் அச்சேறியது. எழுதியவர் மறைந்து நூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்பு!

இங்கே நடுநிலையோடு ஒன்று கூற வேண்டும். சீகன்பால்குவின் எழுத்துகளில் நம் முன்னோர் வழிபாட்டைக் கடிந்துரைக்கும் இடங்கள் பல உண்டு. மதம் மாற்றவே அவர் வந்தார். அதை அவர் மறைத்ததும் இல்லை. அவரைச் சார்ந்த தமிழர் பலர் உற்றார் உறவினரால் ஒதுக்கப்பட்டு அல்லலுற்றதும் உண்மை. அவர் கொள்கையை ஏற்போரும் இருப்பர், மறுப்போரும் இருப்பர். ஆயினும் மாற்ற வந்தவரே மாறினார் என்பதையும் நாம் காண்கிறோம். கற்பிக்க வந்தவர் முதலில் மணலில் அமர்ந்து கற்றார். இம்மக்களிடம் அறநூல்களும் நல்லொழுக்கமும் உண்டென்று தம் நாட்டாருக்கு எழுதினார். அதனால் இங்குள்ளோர்க்கு அயலாராயிருந்தவர், அங்குள்ளோர்க்கும் சற்று அயலாரானார். தொலைநாட்டுப் பணியின் பெரிய இறக்கம் சிறையும் அன்று, வறுமையும் அன்று. இரண்டு கரையிலும் முழுதாகப் புரிந்துகொள்ளப்படாமையே என்று எமக்குத் தோன்றுகிறது. பெரிய ஏற்றம் எது? அரசர் அவையன்று. வேற்று மொழியொன்று தன் கதவைத் திறந்து உள்ளே அழைத்துக்கொள்வதே.

அன்பர்களே, இக்கதையோடு யாம் அமர்ந்துவிடலாம். ஆனால் இதைப் படித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அதற்குரிய காரணத்தையும் உங்கள்முன் வைத்துவிடுகிறோம்.

எம் அன்னையார் ஊரில் தனியே இருந்தார். மாதந்தோறும் எங்களுக்கு இன்லண்ட் கடிதம் எழுதுவார். தொலைபேசி வந்த பின்னும் அப்பழக்கத்தை விடவில்லை. கடிதத்தின் கடைசி மடிப்பில் பேத்திக்கென்று நாலைந்து வரிகள் தனியே இருக்கும். எம் மகளுக்குத் தமிழ் பேச வரும்; படிக்க வராது. இந்தியும் ஆங்கிலமும் முதலில் உருப்படட்டும், தமிழ் வீட்டுமொழிதானே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டோம். யாமே அக்கடிதங்களை வாய்விட்டுப் படித்துக் காட்டுவோம். இரவுப் பணியாயின் கடிதம் அலமாரியில் காத்திருக்கும்.

அன்னையார் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்ற கோடையில் எம் மகள் அக்கடிதக் கட்டை எடுத்து வந்து, "அப்பா, எனக்கு எழுத்துச் சொல்லித் தாருங்கள், பாட்டி எழுதியதை நானே படிக்க வேண்டும்" என்றாள். அனல்காற்று வீசிய நாள்களில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து அ, ஆ தொடங்கினோம். பதினான்கு வயதுப் பெண், எழுத்தெழுத்தாய்க் கூட்டி, இரண்டு மாதங்களில் ஒரு கடிதத்தைப் படித்து முடித்தாள். படித்துவிட்டு எம் முகத்தைப் பார்த்தாள். "இந்த வரியை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டவேயில்லையே" என்றாள். அதில், "உன்னைப் பார்க்கக் கண் தேடுகிறது, தைக்காவது அழைத்துவரச் சொல்லி அப்பாவிடம் நீ கேள்" என்று இருந்தது. விடுப்புக் கிடைக்காத ஆண்டு அது. குழந்தை ஏங்கிப்போவாளே என்று யாம் அவ்வரியைத் தாண்டிப் படித்திருந்தோம். பாட்டி பேத்தியிடம் கேட்டது பேத்தியை வந்தடையவே இல்லை. பிறர் பெட்டிகள் சேரவில்லையென்றால் பதிவேட்டில் தேடித்தரும் குமாஸ்தா, தம் வீட்டுக்கு வந்ததைத் தாமே வழியில் நிறுத்திவைத்திருந்தார். இதற்கு எந்த அலுவலகத்தில் முறையீடு எழுதுவது?

நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் ஒரு காலத்தில் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தனர். சென்ற மாதம் வந்தவர் அறுவர். ஆசிரியையார் ஊதியம் ஏதும் பெறாமல் வாரந்தோறும் வந்து கரும்பலகையைத் துடைத்துவைத்துக் காத்திருக்கிறார். குறை பிள்ளைகளிடம் இல்லை; தேர்வு, தனிவகுப்பு, விருந்தினர் என்று காரணம் சொல்லி நிறுத்திவைக்கும் நம்மிடமே இருக்கிறது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த நோயாளி இளைஞர் ஒருவர், உதவி செய்யக் கடமைப்பட்டோரே இடர் செய்த நிலையில், எட்டு மாதங்களில் தமிழைத் தம்முடையதாக்கிக்கொண்டார். அது பிறப்பிலேயே நம்முடையதாயிற்றே; நாம் இழக்க எத்தனை மாதங்கள் வேண்டும்?

ஆகவே எம்முடைய வேண்டுகோள் ஒன்றே. வரும் ஞாயிறு முதல் பெற்றோரும் பிள்ளைகளோடு வகுப்பில் வந்து அமர்வோம். ஒரு தட்டில் மணல் பரப்பி வைக்க யாம் ஏற்பாடு செய்கிறோம். ரயில்வே காலனியில் மணலுக்குப் பஞ்சமில்லை. எம் மகளும் இளையோர்க்கு எழுத்துச் சொல்லித்தர வருவதாகக் கூறியிருக்கிறாள். அவளுக்கு இன்னும் படிக்க வேண்டிய கடிதங்கள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. இனி அவற்றை யாம் படித்துக் காட்டப் போவதில்லை.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!